இரண்டாவது ரூட்டர்: கேபிளை எந்தப் போர்ட்டில் செருகுவது?

பழைய ரூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை. அதை இருக்கிற நெட்வொர்க்கோடு சேர்க்க மூன்று வழிகள் உண்டு. முதல் ரூட்டரிலிருந்து வரும் கேபிளை இரண்டாவதன் லேன் போர்ட்டில், அதாவது வீட்டுச் சாதனங்களை இணைக்கும் போர்ட்டில் செருகலாம். அதே கேபிளை இன்டர்நெட் போர்ட்டில், அதாவது வேன் என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் போர்ட்டில் செருகலாம். கேபிளே இல்லாமல், வாங்கிய வைஃபை சிக்னலைத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டராகவும் வைக்கலாம். முதல் இரண்டுக்கும் கேபிள் ஒன்றுதான் என்றாலும், செருகும் இடம் மாறினால் நெட்வொர்க்கின் அமைப்பே மாறிவிடும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

லேனிலிருந்து லேனுக்கு

பிரின்டர், டிவி, போன் எல்லாம் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், வைஃபை பரப்பு மட்டும் விரிய வேண்டும் என்றால் இதுவே சரி. ஐபி முகவரி கொடுப்பதும் வெளியே வழிகாட்டுவதும் முதல் ரூட்டரின் வேலை. இரண்டாவது வெறும் ஆக்சஸ் பாயின்ட். வைஃபை வைத்த சுவிட்ச் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேபிளை முதலிலேயே செருகிவிடாதீர்கள். இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தால் எந்த ரூட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கிறது என்றே தெரியாது. இரண்டாவதைத் தனியாக வைத்து, ரீசெட் பொத்தானைச் சுமார் 10 நொடி அழுத்திப் பிடித்து, லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் இணைத்து, பிரவுசரில் அதன் முகவரியைத் திறங்கள். முதலில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் போடுங்கள். அடுத்து லேன் ஐபியை 192.168.1.2 ஆக்குங்கள், பக்கம் அறுந்துபோகும், புது முகவரியில் திரும்ப நுழையுங்கள். சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைப்பது கடைசி வேலை. அணைத்தபின் லேப்டாப்புக்கு முகவரி தர ஆளிருக்காது. மறுபடி உள்ளே போக வேண்டியிருந்தால் லேப்டாப்பில் 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவும் முடிந்த பிறகு லேனுக்கு லேன் கேபிள். இன்டர்நெட் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

முதல் ரூட்டர் முகவரியின் கடைசி எண்ணாக 2 முதல் 254 வரை எல்லாவற்றையும் வினியோகிக்கும்படி அமைந்திருந்தால், அதன் தொடக்கத்தை 10க்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் ஏதோ ஒரு போனுக்கும் 192.168.1.2 போய்ச் சேரும்.

டிஎச்சிபியை அணைக்க மறந்தால் வரும் கோளாறு கொஞ்சம் வேடிக்கையானது. வைஃபை கோடுகள் முழுசாக இருக்கும், நெட் மட்டும் வராது. அதுவும் எல்லாச் சாதனத்திலும் அல்ல. எந்த ரூட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதன் முகவரியைச் சாதனம் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதிடம் வாங்கியவற்றுக்கு கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், 192.168.1.2 என்றிருக்கும், அதற்கோ வெளியே போக வழி கிடையாது. இன்று போனில், நாளை டிவியில் என்று கோளாறு இடம் மாறுவதால் கேபிளைச் சந்தேகிப்பார்கள். சாதனத்தின் கேட்வேயைப் பார்த்தால் அரை நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

சில ரூட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்றே ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் டிஎச்சிபி தானே அணையும். பல மாடல்களில் இன்டர்நெட் போர்ட்டும் லேன் போர்ட் போல வேலை செய்யும். அப்போது அந்த ரூட்டரின் சொந்த முகவரி மாறியிருக்கலாம். முதல் ரூட்டரின் சாதனப் பட்டியலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

வேகம் 94 எம்பிபிஎஸ் அருகிலேயே நின்றுவிட்டால், பழைய ரூட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையா என்று பாருங்கள். இல்லையென்றால் கேபிள் முனையைச் சோதியுங்கள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும். ஆனால் அதற்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் இணைப்பு பெரும்பாலும் 100க்கு இறங்கி ஓடும். இன்னொன்று: வேகம் கூடும் என்று இரண்டு ரூட்டருக்கும் நடுவே இரண்டு கேபிள் போடுவது. தகவல் சுற்றிச் சுற்றி ஓடும் லூப் உண்டாகி மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

இரண்டிலும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே பாதுகாப்பு வகை வையுங்கள். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகியவற்றில் ஆளுக்கொன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். எப்போது தாவுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. அது தூரத்து ரூட்டரையே விடாப்பிடியாகப் பிடித்துத் தொங்கினால், 2.4 கிகாஹெர்ட்ஸின் ஒலிபரப்புத் திறனைக் குறைத்துப் பாருங்கள்.

லேனிலிருந்து இன்டர்நெட் போர்ட்டுக்கு

இங்கே இரண்டாவது ரூட்டர் முழு ரூட்டராகவே இருக்கும்: தனி டிஎச்சிபி, தனி ஃபயர்வால், தனி சப்நெட் (தனி முகவரித் தொகுதி). முதலாவது 192.168.1.1 என்றால் இது 192.168.2.1 ஆக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சப்நெட் இருந்தால் எது உள்ளே, எது வெளியே என்று ரூட்டருக்குப் புரியாது. செருகினால் போதும், நெட் வந்துவிடும் என்பதால் பலர் தெரியாமலே இந்த அமைப்பில் இருக்கிறார்கள். இரண்டாவதில் இணைந்த கணினியில், வெளியே போகும் வழியை வரிவரியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு வரியிலும் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வந்தால் இரட்டை நேட்தான், அதாவது உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கிறது.

உலாவுவதற்கும் படம் பார்ப்பதற்கும் இரட்டை நேட் ஒரு தொல்லையும் தராது. கேம் கன்சோல், வெளியிலிருந்து பார்க்கும் கேமரா போன்றவை சிக்கலாகும். வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே குறிப்பிட்ட சாதனத்துக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கை இரண்டு ரூட்டரிலும் செய்ய வேண்டும், அல்லது வெளியிலிருந்து வருவதெல்லாம் இரண்டாவதுக்கே போகும்படி முதலாவதில் அதை டிஎம்இசட் ஆகப் போட வேண்டும். முன்னறை டிவியைப் பின்னறைப் போன் கண்டுபிடிக்காது. சாதனங்களைத் தேடும் அழைப்பு சப்நெட்டைத் தாண்டிப் போவதில்லை.

பிரித்து வைப்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அவர்களில் பலர் தலைகீழாக அமைக்கிறார்கள்: விருந்தினர், மலிவு கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாம் இரண்டாவது ரூட்டரில். தடுப்பு ஒருவழிதான். இரண்டாவதன் பின்னால் இருப்பவர் முதலாவதில் உள்ள கணினியைத் தாராளமாகத் தொடலாம். முதலாவதில் இருப்பவர்தான் இரண்டாவதன் உள்ளே நுழைய முடியாது. ஆகவே பாதுகாக்க வேண்டியவை இரண்டாவதன் பின்னால், நம்பிக்கையில்லாதவை முதலாவதில். ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிய ரூட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கை நம்பியும் இதைத் தவிர்க்க முடியாது. பல மாடல்களில் அந்த மோடில் கெஸ்ட்டும் வீட்டு நெட்வொர்க்கிலேயே போய் விழும்.

கம்பியில்லாமல்

சுவரைத் துளைக்க வழியில்லாதபோது மட்டும் ரிப்பீட்டர். ஒரே ரேடியோ ஒரே சேனலில் வாங்கியதைத் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4இல் கொடுக்கும் இரட்டை பேண்ட் ரூட்டரில் இந்த இழப்பு குறையும். சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் செத்த சிக்னலைத்தான் திருப்பிச் சொல்லும்; பாதி வழியில், போனில் சிக்னல் மைனஸ் 65 டிபிஎம் அளவுக்குக் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். மைனஸ் 75ஐ விடப் பலவீனம் என்றால் அந்த இடம் வேண்டாம்.

எல்லா ரூட்டரிலும் ரிப்பீட்டர் மோட் இருக்காது. ரூட்டர்களைக் கம்பியில்லாமல் இணைக்கும் டபிள்யூடிஎஸ் என்ற முறை மட்டும் இருந்தால், வேறு வேறு நிறுவன ரூட்டர்கள் அதில் ஒத்துப்போகும் என்று நம்பிவிட வேண்டாம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளை ஏற்கும் மாடலாக இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம். ஏற்றுமுன் ஹார்டுவேர் பதிப்பு எண்ணையும் சரிபாருங்கள், ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு சிப் இருப்பது சாதாரணம்.