கண்ணாடிக் கதவு கிச்சன் கபோர்டு: 70,800 ரூபாய் போச்சு, அட்வான்ஸ் கொடுக்கும் முன் படிச்சுடுங்க

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 70,800 ரூபாய். அடுப்பு மேடைக்கு மேலே சுவரில் மாட்டும் கபோர்டு, ஒன்பது அடி நீளம், இரண்டரை அடி உயரம், ஆறு ஷட்டர், அதாவது கதவு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. சதுர அடி 2,400 வீதம் 22.5 சதுர அடிக்கு 54,000. உள்ளே எல்ஈடி பட்டைக்கு 6,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று 10,800. மாட்டிப் பதினோராம் நாள் மூன்றாவது ஷட்டர் உடைந்தது. உடைந்த விதத்தைப் பார்த்த பிறகுதான் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்றே தெரிந்தது.

பெயர் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். ஆப்பில் புக் செய்தால் ‘டிசைனர்’ ஒருவர் லேசர் டேப்போடு வீட்டுக்கு வந்து, லேப்டாப்பில் உங்கள் சமையலறையையே படமாகக் காட்டுவாரே, அந்த ரகக் கம்பெனி. கோயம்புத்தூரில் மட்டும் இல்லை, உங்கள் ஊரிலும் இருக்கும்.

முதலில் போட நினைத்தது திறந்த தட்டுதான். 18 எம்எம் பிளைவுட்டில் இரண்டு வரிசை, ஆசாரி 13,500 கேட்டார். அதைக் கண்ணாடிக் கபோர்டாக மாற்ற டிசைனர் சொன்ன காரணம் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தினமும் கடுகு தாளிக்கிற வீட்டில் எண்ணெய்ப் புகை சிம்னியைத் தாண்டியும் மேலே படியும். அதன்மேல் தூசி ஒட்டும். இரண்டு வாரம் தொடாத டம்ளரை எடுத்தால் விரல் பிசுபிசுக்கும். திறந்த தட்டு தினம் எடுத்துத் தினம் கழுவுகிற சாமானுக்குத்தான் சரி. விருந்தாளி வந்தால் எடுக்கும் பீங்கான், கண்ணாடிக் கிண்ணம், மாதம் ஒருமுறை திறக்கும் டப்பா எல்லாவற்றுக்கும் கதவு வேண்டும். மரக் கதவு என்றால் சின்ன சமையலறை இன்னும் அடைத்த மாதிரி ஆகும். வெறும் கண்ணாடி என்றால் உள்ளே இருக்கும் மசாலா பாக்கெட் வரை ஊருக்கே தெரியும். அதனால் கோடு கோடாக இருக்கும் ஃப்ளூட்டட் கண்ணாடி. இதுவரை எல்லாம் சரியான யோசனைதான்.

நம்பிய இடம் எது தெரியுமா? பையிலிருந்து ஓரடிக்கு ஓரடி சாம்பிள் கண்ணாடி ஒன்றை எடுத்தார். மூலையில் முத்திரை பொறித்திருந்தது. தரையில் வைத்து, ஷூவைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஏறி நின்றார். “டஃபன்டுங்ணா. உங்க வீட்டுக்கும் இதேதான்.” டஃபன்ட் என்றால் சூடாக்கிக் கடினமாக்கிய பாதுகாப்புக் கண்ணாடி. அதோடு நம்பிக்கை வந்துவிட்டது. சமமான தரையில் படிய வைத்தால் சாதாரணக் கண்ணாடிகூட ஆளைத் தாங்கும், அது வளைய இடமே இல்லையே! இரண்டு செங்கல் மேல் வைத்து நிற்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை. அன்றே 90 சதவீதம் கட்டினால் 4 எம்எம் கண்ணாடியை 5 எம்எம் ஆக்கித் தருகிறோம் என்றார். 63,720 அங்கேயே போனது. மீதி 7,080 ஃபிட்டிங் முடிந்த மாலை வாங்கிக்கொண்டார்கள். ஆக 70,800.

கொட்டேஷனில் இருந்தது: 5 எம்எம் டஃபன்ட் ஃப்ளூட்டட் கண்ணாடி, கறுப்பு அலுமினிய புரொஃபைல் (கண்ணாடியைச் சுற்றி வரும் ஃப்ரேம்), அலுமினிய ஃப்ரேமுக்கென்று வரும் சாஃப்ட் குளோஸ் கீல், பெட்டி பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) பிளைவுட். வந்தது வேறு.

உடைந்த கண்ணாடியிலிருந்து தொடங்குகிறேன். ஹாப்புக்கு, அதாவது மேடையில் பதித்த கேஸ் அடுப்புக்கு, பக்கத்து ஷட்டர். சமையல் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கைப்பிடியைப் பிடித்து இழுத்ததும் கீழ் மூலையிலிருந்து மேல்நோக்கி ‘டிக்’ என்று ஒரு கோடு ஓடியது. ஓரடி நீளத்தில் அரிவாள் மாதிரி ஒரு துண்டு மேடையில் விழுந்து நின்றது. யார் கையும் அங்கே இல்லை, அவ்வளவுதான் அதிர்ஷ்டம். டஃபன்ட் இப்படி உடையவே உடையாது. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்த கண்ணாடி அது. மேற்பரப்பு அழுத்தத்திலும் உள்ளே இழுவிசையிலும் இருக்கும். ஓரிடத்தில் விரிசல் விட்டால் மொத்தமும் கற்கண்டு மாதிரி பொடித்துண்டாக உதிரும். நீளமாக, கூராக விழுந்தால் அது சாதாரணக் கண்ணாடி. வேறு சோதனையே தேவையில்லை.

ஏன் விரிசல் விட்டது என்பதும் துண்டைப் பார்த்தால் தெரிந்தது. ஓரம் தேய்க்கவே இல்லை, வெட்டியபடியே புரொஃபைலுக்குள் செருகியிருக்கிறார்கள். கீழ் மூலையில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருந்தது. சுற்றி ரப்பர் கேஸ்கெட்டும் இல்லை, இரண்டு இடத்தில் சிலிக்கான் பொட்டு, அவ்வளவுதான். அடுப்புச் சூட்டில் நடுப்பகுதி விரியும், ஃப்ரேமுக்குள் மறைந்த ஓரம் குளிர்ந்தே கிடக்கும். அந்த இழுப்பு எங்கே சில்லு இருக்கிறதோ அங்கே பிளக்கும். டஃபன்ட் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஓரம் தேய்த்தாக வேண்டும், ஓட்டையும் வெட்டும் முதலிலேயே முடித்தாக வேண்டும், பிறகு கைவைக்க முடியாது. இவர்கள் சைட்டிலேயே ஒரு ஷட்டருக்குக் கண்ணாடியைச் சீவினார்கள். கண்ணெதிரே. டஃபன்டைச் சீவ முடியாது என்பது அந்த நிமிடம் உறைக்கவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வரவில்லை.

அடுத்து தடிமன். பக்கத்து ஷட்டர் கண்ணாடியைக் கழற்றிப் பழைய பேப்பர்க்காரர் தராசில் வைத்தோம். கண்ணாடிக் கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டர், ஒரு எம்எம் தடிமனுக்கு இரண்டரைக் கிலோ. 44 செ.மீ.க்கு 74.5 செ.மீ. துண்டு 5 எம்எம் என்றால் நாலு கிலோவை ஒட்டி வர வேண்டும். தராசு காட்டியது 3 கிலோ 200, அதாவது அதே 4 எம்எம். சிரித்தபடியே கொடுத்த ‘இலவச அப்கிரேடு’ இதுதான்.

கோடு போட்ட பக்கத்தை வெளியே வைத்து மாட்டியிருக்கிறார்கள். வழவழப்பான பக்கம் வெளியே இருந்தால் ஒரு துணியில் துடைத்துவிடலாம். கோடு வெளியே என்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் எண்ணெய் படிந்து, பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துத்தான் எடுக்க வேண்டும். கீல் சாதாரண மரக் கதவுக் கீல், மெல்லிய அலுமினியத்தில் நேராகத் திருகாணி. ஃப்ரேம் மூலையில் உள்ளே இறங்க வேண்டிய எல் துண்டு இரண்டு ஷட்டரில் இல்லவே இல்லை, அதனால் தொங்கி ஒன்றையொன்று உரசுகிறது. பெட்டியின் பக்கவாட்டில் ஓரத்தில் ஒட்டிய பட்டையை (எட்ஜ் பேண்ட்) உரித்துப் பார்த்தால் மரத்தூள் பலகை.

இனி அவர்கள் சொன்ன பதில்கள்.

முதல் நாள்: “டஃபன்ட் சில சமயம் தானாவே உடையும்ங்ணா, கூகுள் பண்ணிப் பாருங்க.” உண்மைதான், உள்ளே நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்தால் உடையும். உடைந்தால் பொடியாகும் என்று துண்டின் போட்டோவை அனுப்பினேன். பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

மூன்றாம் நாள் முத்திரை எங்கே என்று கேட்டதற்கு, “அது புரொஃபைலுக்குள்ள போயிடுச்சு சார்.” அண்ணா சாராகிவிட்டேன். கழற்றிய கண்ணாடியின் நாலு மூலையையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். “டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம்.”

ஆறாம் நாள் வாரண்டி அட்டை. பத்து வருடம் என்று பெரிய எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் கண்ணாடி, கீல், லைட் மூன்றும் சேராதாம். பெட்டி சேருமாம், ஈரம் படாத வரை. சமையலறையில்! கடைசியாக ஒரு கண்ணாடி மட்டும் மாற்றித் தர 3,200 ‘சர்வீஸ் சார்ஜ்’ கேட்டார்கள். 70,800 வாங்கிய வாயால். டிசைனர் “கம்பெனியை விட்டுப் போயிட்டார்”. நேற்று ஆப்பில் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடி, ஐந்து ஸ்டார் கேட்டு மெசேஜ் வந்திருக்கிறது.

பில்லைத் தேடினால் அதுவும் பில் இல்லை, ‘எஸ்டிமேட்’. ஜிஎஸ்டி எண் எங்கும் இல்லை. அந்த 10,800 எந்த அரசாங்கத்துக்குப் போனதோ!

மீதி ஐந்து கண்ணாடியையும் கழற்றிப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாயிற்று. ஆசாரி 13,500க்குப் போட்டுத் தருவதாகச் சொன்ன திறந்த தட்டு இப்போது 70,800க்குக் கிடைத்திருக்கிறது.

எந்தக் கண்ணாடி, எந்த புரொஃபைல், எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் ஏறுகிறது. இப்போதைக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஷட்டரில் செருகும் முன்பே ஒவ்வொரு கண்ணாடியிலும் முத்திரையைப் பாருங்கள், ஐஎஸ் 2553 (பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண்) என்று கொட்டேஷனிலும் எழுதி வாங்குங்கள். சாம்பிளை வைத்து முடிவெடுக்காதீர்கள். சைட்டில் யாராவது கண்ணாடியை வெட்டினால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். பிடபிள்யூபி பிளைவுட்டுக்குத் தர எண் ஐஎஸ் 710, அதுவும் பலகை மேல் அச்சிட்டிருக்க வேண்டும், வாயால் சொன்னால் செல்லாது. ஹாப்பை ஒட்டிய ஷட்டருக்குக் கண்ணாடியே வேண்டாம். பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள், கடைசி 20 சதவீதத்தை ஒரு மாதம் சமைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், ஒத்துக்கொள்ளாதவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உடைந்த துண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், எங்கள் கையில் மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.