9,000 ரூபா சாடில் பேக்கும் 40 ரூபா டியூப் ரப்பரும்

பைக் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்கற மாதிரி மாட்டற சாடில் பேக், நான் 9,000 குடுத்து வாங்குனது, இன்னைக்கு ஆன்லைன்ல 6,500-க்கு கெடக்குது. அந்த வயித்தெரிச்சல்லதான் எழுதுறேன்னு முன்னாடியே சொல்லிடறேன், கொஞ்சம் காரமா இருந்தா கண்டுக்காதீங்க. இன்னொரு காரணம், ஆபீஸ்ல ஒரு தம்பி அடுத்த வருசம் கோயமுத்தூர்ல இருந்து வண்டிலயே லடாக் போறாராம், "அண்ணா மொத்தம் எவ்ளோ ஆகும், அந்த பேக் வாங்கலாமா"ன்னு டீ குடிக்கப் போறப்பல்லாம் கேக்குறாரு. எனக்கு இந்த ரெண்டு கேள்வியும் ஒரே கேள்விதான்.

பட்ஜெட்ட மொதல்ல முடிச்சிடறேன். எல்லாரும் பெட்ரோல்ல இருந்து ஆரம்பிப்பாங்க, ஏன்னா இருக்கறதுலயே கணக்குக்கு அடங்குற செலவு அது ஒன்னுதான். போக வர, லே-ல இருந்து சுத்துறது எல்லாம் சேத்து 8,000 கிமீ வச்சுக்கோங்க, நம்ம ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கு லோடோட 28, 29 குடுக்குது, 280 லிட்டர், சராசரியா 100 ரூபான்னு போட்டா 28,000. இதுல ஒரு சின்ன சாமர்த்தியம் இருக்கு, ஆந்திரா, தெலங்கானா, மத்திய பிரதேசத்துல வெல ஜாஸ்தி, உ.பி., டெல்லி, ஹரியானால கம்மி, அதனால கர்நாடகாவ விட்டு ஆந்திராக்குள்ள போறதுக்கு முன்னாடி டேங்க ரொப்பிட்டுப் போங்க. டோலு பெருசா பயப்பட வேண்டாம், நேஷனல் ஹைவேல டூவீலருக்கு கெடையாது, ஆனா ஆக்ரால இருந்து யமுனா எக்ஸ்பிரஸ்வே ஏறுனீங்கன்னா அங்க நமக்கும் காசு வாங்குவாங்க.

ரூமும் சாப்பாடும் ஒரு ஆளுக்கு நாளைக்கு 1,800 போடுங்க, ரெண்டு பேரா போனா கொறையும். 25 நாள்னா 45,000. கீழ ஹைவேல லாட்ஜ் காசு புடுங்கும், மேல மணாலி-லே ரோட்டுல சர்ச்சு, பாங் பக்கம் தாபா டென்ட்ல வரிசையா கட்டில் போட்டுத் தர்றாங்க, அது சில நூறு ரூபால முடிஞ்சிரும்.

பெரிய ஓட்ட எங்கன்னா, வண்டி வாசல் தாண்டுறதுக்கு முன்னாடியே போற காசு. டயரு, செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், ஸ்பேர் டியூபு, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ரைடிங் ஜாக்கெட்டு, கிளவுசு, பேக் மாட்ட ஸ்டேன்னு ஒரு கம்பி ஃப்ரேமு, அப்புறம் பேக்கு. எனக்கு 35,000 ஆச்சு. இந்த லிஸ்ட்ல ஒவ்வொன்னும் அதது வேலைய பாத்துச்சு, ஒன்னே ஒன்னு மட்டும் டூர் பூரா என் உசுர எடுத்துச்சு. பேக் இல்லீங்க, பேக்கோட ரெயின் கவரு.

பேக்கு வாட்டர்ப்ரூஃப் கெடையாது, தனியா ஒரு ஆரஞ்சு கலர் கவர் வரும், மழைன்னா மாட்டணும். கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு. அத மாட்டணும்னா வண்டிய ஓரங்கட்டி, மேல கட்டிருக்கற டென்ட்டு சாமான அவுத்து, பேக்குக்குப் பின்னாடி ஸ்டேக்கும் அதுக்கும் நடுவுல விரல விட்டு எலாஸ்டிக்க இழுத்து விடணும், கிளவுசோட நடக்காது, கிளவுச கழட்டுனா கை நனைஞ்சு மறுபடி உள்ள போகாது, இதுக்குள்ள மழை அதோட வேலைய முடிச்சிருக்கும். சரி மாட்டியாச்சுன்னு கிளம்புனா 80-ல காத்து உள்ள பூந்து உப்பிக்கும், ஒரு பக்கம் படபடன்னு அடிக்கும், வலது பக்கம் சைலென்சர் மேல தூக்கிட்டு வர்ற வண்டி இது, கவரோட ஓரம் அங்க பட்டு உருகி ஒட்டிக்கிச்சு, ஆரஞ்சு தழும்பு இன்னைக்கும் சைலென்சர்ல இருக்கு, கம்பி பிரஷ் போட்டும் போகல.

இதுகூட பொறுத்துக்கலாம். நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டு ரோட்டுல நல்ல மழை, சியோனில ஒரு லாட்ஜ்ல ஒதுங்கி கவர கழட்டுனா அடில ரெண்டு விரக்கட தண்ணி. மேல இருந்து வர்ற மழைய அது தடுக்குது, சக்கரம் வாரி அடிக்கிற தண்ணி பின்பக்கமா பூந்து கொட்டாங்குச்சி மாதிரி அப்படியே புடிச்சு வச்சுக்குது, வடியறதுக்கு ஒரு ஓட்ட கூட இல்ல. பேக் அந்தத் தண்ணிக்குள்ள ஒக்காந்துட்டு நாள் பூரா ஊறிருக்கு. ஜட்டி பனியன் நனைஞ்சத விடுங்க, மணாலிக்கு மேல கீலாங் ஊர தாண்டுனா லே வரைக்கும் சிக்னல் பெருசா இருக்காது, ஜிபே எல்லாம் வேலைக்கு ஆகாதுன்னு மொத்தமா எடுத்து வச்சிருந்த கேஷு அடி பாக்கெட்ல இருந்துச்சு. ஃபேன் காத்துல பறக்காம ஒவ்வொரு 500 ரூபா மேலயும் ஒரு சாமான வச்சேன், ஸ்பேனரு, செயின் லூப் டப்பா, சோப்பு, பிரஷ்ஷுன்னு. ரூம் பாய் தண்ணி கேன் குடுக்க வந்தவன் கட்டில பாத்துட்டு என்ன பாத்துட்டு ஒன்னும் பேசாம போயிட்டான். ஆர்சி, இன்சூரன்ஸ் காப்பி எல்லாம் இங்க்ஜெட்ல எடுத்தது, நீலமா கரைஞ்சு போச்சு. காப்பி எடுத்தா லேசர்ல எடுங்க.

கஸ்டமர் கேர்ல கேட்டா கவரு ஆக்சசரியாம், வாரன்டில வராதாம். அடில ஒரு சின்ன ஐலெட் ஓட்ட போட எத்தன காசு ஆகும்? கேட்டேன், ஃபீட்பேக்கா எடுத்துக்கறோம் சார்னாங்க. இப்ப 6,500-க்கு விக்கிறாங்களே, அதுல ஓட்ட இருக்கான்னு போட்டோவ ஜூம் பண்ணிப் பாத்தேன். இல்ல.

லடாக் போறவனுக்கு மழை எதுக்குன்னு தம்பி கேட்டாரு. அங்கதான் நம்ம ஊருக்காரங்க பிளான் எல்லாம் அடி வாங்கறது. டெல்லிக்காரன் ரெண்டு நாள்ல மலை ஏறிருவான், நமக்கு மணாலிக்கு முன்னாடியே 2,500 கிமீக்கு மேல சமவெளி கெடக்குது. ஜூன் மொத வாரம் போனா நாக்பூர், ஜான்சி பக்கம் வெயில் 45 வரைக்கும் போகும், ஜூலை ஆகஸ்ட்ல போனா நடு இந்தியா பூரா மழை, அதோட ஹிமாச்சல்ல மண்ணு சரிஞ்சு ரோடு எப்ப மூடும்னு சொல்ல முடியாது. எல்லாரும் மேல அடிக்கப் போற குளிருக்கு தெர்மல் வாங்குறதுலயே குறியா இருக்காங்க, பாதி காசு அதுக்கே போகுது, கீழ மழைக்கு ஒன்னும் கெடையாது. என்னக் கேட்டா செப்டம்பர் நடுவுல டெல்லி தாண்டுற மாதிரி கிளம்புங்க, அப்ப வடமேற்குல இருந்து மழை பின்வாங்க ஆரம்பிச்சிரும், மேல ரோட்டுக்குக் குறுக்க ஓடுற ஓடை, நாலாம்பாங்க, அதுல எல்லாம் தண்ணி கொறைஞ்சிருக்கும். ஜூலைல அந்த நாலாவ மத்தியானத்துக்கு மேல தாண்டிப் பாருங்க, வெயில்ல பனி உருகி முழங்கால் தண்ணி வரும், காலைலயே தாண்டணும்.

போறப்ப ஸ்ரீநகர், கார்கில் வழியா ஏறுங்க, வர்றப்ப மணாலி வழியா எறங்குங்க. ஸ்ரீநகர் பக்கம் உசரம் கொஞ்சம் கொஞ்சமா கூடும், ஒடம்பு பழகிக்கும். மணாலில இருந்து ஏறுறவங்க அடல் டனல்ல 9 கிமீல ரோதாங் கணவாய தாண்டிட்டு ஜோர்ல சர்ச்சு வரைக்கும் போய் படுக்கறாங்க, அது 4,200 மீட்டருக்கு மேல, ராத்திரி பூரா தலவலி வாந்தி. அதுக்குக் கீழயே ஜிஸ்பாவுல படுங்க. லே போனதும் ஒரு நாள் முழுசா சும்மா இருக்கறதுக்கு பட்ஜெட்ல எடம் விடுங்க, அத வேஸ்ட்டுன்னு நெனைக்காதீங்க. போஸ்ட்பெய்ட் சிம் வேணும், நம்ம ஊர் ப்ரீபெய்ட் அங்க எடுக்காது. கீலாங்குக்கு முன்னாடி டாண்டி பெட்ரோல் பங்குல இருந்து அடுத்த பங்கு 365 கிமீன்னு போர்டு இருக்கும், 411-ல 15 லிட்டர் டேங்க், கணக்குப்படி பத்தும், ஆனா ரெண்டாவது கியர்லயே ஏறிட்டு இருக்கறப்ப அந்த மைலேஜ் வராது, 5 லிட்டர் கேன் கட்டிக்கோங்க. எங்களுக்கு அது எறங்குற பக்கம், லே பக்கத்துல கரு பங்குல ரொப்பிட்டு வந்தோம்.

அந்த கேன கட்டறதுக்குத்தான் டியூப் ரப்பரு. கிளம்புறதுக்கு முந்துன நாள் சிங்காநல்லூர்ல ஒரு பஞ்சர் கடைல பழைய லாரி டியூப நீளமா கீறி நாலு பட்ட 40 ரூபாக்குக் குடுத்தாரு, மூட்ட கட்டற டிவிஎஸ் எக்ஸெல்லுல பாத்திருப்பீங்களே அதேதான். ஆன்லைன்ல வாங்குன பஞ்சீ கயிறு, கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறு, ரெண்டுல கொக்கி வழியிலயே நிமுந்துருச்சு. ரப்பரு கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வந்த மாதிரி அப்படியே இருக்கு. மழைல நனைஞ்சும் முடிச்சு நழுவல, சியோனிக்கு அப்புறம் அந்த நாசமாப்போன ரெயின் கவர பேக்கோட அமுக்கிக் கட்டுனதும் இதுதான், அதுக்கப்புறம் உப்பறது நின்னுச்சு. தண்ணி தேங்கறதுக்கு, சியோனிலயே ஒரு கடைல உரச்சாக்குக்குள்ள வருமே தடியான பாலித்தீன் கவரு, அது மாதிரி ரெண்டு வாங்கி துணிய எல்லாம் உள்ள போட்டு வாய சுருட்டி வச்சேன். ஆக 9,000 ரூபா பேக்குக்கு மழை காப்பு சுமார் 60 ரூபால கெடச்சுது.

இப்ப நியாயமாவும் பேசிடறேன். பேக்கோட தையல் ஒரு எடத்துல விடல. பாராலாச்சா கணவாய் எறங்குறப்ப சேத்துல வண்டி இடது பக்கமா படுத்துருச்சு, பேக் அடில சிக்குனதால வண்டி என் கால் மேல முழுசா விழல, லெவர்கூட வளையல, தகரப் பொட்டி போட்டிருந்தா கதை வேற. 40 கிமீ வேகத்துல குழி ரோட்டுல நாள் பூரா ஆடியும் எங்கயும் அவுந்துக்கல. போன மாசம் ஒரு ஜிப் போச்சு, டவுன்ஹால் பக்கம் பேக் ரிப்பேர் கடைல 250 ரூபாக்கு ரன்னர் மாத்துனப்ப அந்தப் பெரியவர் துணிய ரெண்டு விரல்ல தேச்சுப் பாத்துட்டு, "நல்ல சரக்குங்க, இது பத்து வருசம் வரும், ஜிப்பு தான் மட்டம்"னாரு. ராத்திரி லாட்ஜ்ல எடுத்துட்டுப் போகணும்னா சீட்ட கழட்டணும், அது ஒரு தொல்ல, ஆனா அந்த வகை பேக் எல்லாத்துக்கும் அப்படித்தான், இவங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

ஆக தம்பிக்கு பதில். பெட்ரோல் 28, தங்க திங்க 45, முன்செலவு 35, கைக்காசா ஒரு 12, மொத்தம் 1,20,000. ஜாக்கெட்டு பேக்கு எல்லாம் ஓசி கெடச்சா 1 லட்சத்துல முடியும். ட்ரெயின்ல வண்டிய டெல்லிக்கு அனுப்பிட்டு போனா லீவு மிச்சம், ஆனா பெட்ரோல வடிச்சு, சாக்கு சுத்தி, பார்சல் ஆபீஸ்ல எப்ப வரும்னு காத்துக் கெடக்கணும், எனக்கு அதுல இஷ்டம் இல்ல.

பேக்கு வாங்காதீங்க. 6,500 இல்ல 5,000-க்கு குடுத்தாலும் வேண்டாம், அடில ஓட்ட போட்டு விக்கிற வரைக்கும் அவங்களுக்கு ஒரு ரூபா போகக் கூடாது. சரிண்ணா அப்ப உங்களோடத 3,000-க்கு குடுங்கன்னாரு. குடுக்க மாட்டேன், இந்த செப்டம்பர் ஹிமாச்சல்ல ஸ்பிட்டிக்கு அதத்தான் மாட்டிட்டுப் போறேன்.