புது கேமரா, பழைய லைட்ரூம்: ரா கோப்பைத் திறக்க இரண்டு வழி

அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் 6-க்கான அப்டேட் 2017-லேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த கேமராக்களின் ரா கோப்புகளை (சென்சார் பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் வைத்திருக்கும் கோப்புகள்) அது திறக்காது.

முதல் வழி, ரா கோப்பை டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றும் அடோபியின் டிஎன்ஜி கன்வர்ட்டர்; இலவசம். கோப்பை டிஎன்ஜியாக மாற்றினால் பழைய லைட்ரூமிலேயே, பழகிய ஸ்லைடர்களோடு வேலை செய்யலாம். ஆனால் கேமரா வெளிவந்த புதிதில் கன்வர்ட்டருக்கே அதை அடையாளம் தெரியாமல் போகலாம். அப்புறம், மாற்றியாயிற்றே என்று மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, கேமரா நிறுவனங்களின் சொந்த மென்பொருள்கள்: நிகானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனனின் டிபிபி போன்றவையும் இலவசம்தான். தங்கள் புது கேமராவைப் பொதுவாக முதலில் அறிந்திருப்பவை இவையே. கேமராவில் வைத்த நிற அமைப்பும் அப்படியே வரும். கல்யாணத்தில் எடுத்த 2,000 படம் என்றால் நான் டிஎன்ஜி பக்கம்தான். நாலைந்து படம் அவசரமா? சரி, நிறுவன மென்பொருளில் திறந்து 16 பிட் டிஃப் (TIFF) படமாக எடுத்து லைட்ரூமில் முடித்துக்கொள்வேன்.