செயின் மட்டுமா, பிறீவீலும் சேர்த்தா?

நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு ஏழு கியர் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். போன மாரியோடு செயின் கறள் பிடித்து, சில கண்ணிகள் மடங்காமல் விறைத்துவிட்டன. புதுச் செயின் வாங்கிப் போட்டேன். சமதரையில் சத்தமே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை பிரட்றிக் கோட்டைக்குள், மான்கள் மேயும் இடம் தாண்டி, கோணேசர் கோயில் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன். ‘டக்’ என்று செயின் துள்ளியது. முழங்கால் ஹாண்டிலில் அடிபட்டு இரண்டு நாள் வீக்கம்.

“தம்பி, செயினில பிழையில்லை. பல்லைப் பாருங்கோ” என்றார் சைக்கிள் கடை அண்ணன். பார்த்தேன். பின்சில்லில் பல்லுச்சக்கரங்கள் அடுக்கியிருக்கும் பிறீவீலில், நான் அதிகம் பாவிக்கும் சின்னச் சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து, சுறாவின் செட்டை போல வளைந்திருந்தன. பழைய செயின் தேய்ந்து நீளும்போது பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடுகிறது. புதுச் செயினின் ஆணி இடைவெளி சரியான அளவில் இருப்பதால் அந்தப் பல்லில் அது உட்காராது; பாரம் ஏறியதும் மேலேறித் துள்ளும்.

ஆகவே செயின் மட்டும் மாற்றுவதா, பிறீவீலையும் மாற்றுவதா என்பதை அடிமட்டம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆணிக்கு ஆணி அரை அங்குலம். 24 கண்ணி சரியாக 12 அங்குலம். செயினை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். மேசன்மார் சொல்லும் அரை நூல், அதாவது 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். பல் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஒரு நூல், 1/8 அங்குலம் கூடிவிட்டதா? இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அந்த நிலையில் செயினை மட்டும் மாற்றுவது மிச்சம் பிடிப்பது போலத் தெரியும், ஆனால் புதுச் செயினையும் தேய்ந்த பல் சீக்கிரம் தின்றுவிடும். நான் அளக்காமல் வாங்கியது பிழை.

வேலை என்று பார்த்தால் செயின் சுலபம். ஆணி தள்ளும் கருவி ஒன்று இருந்தால் வீட்டு முற்றத்திலேயே முடிந்துவிடும். பழையதோடு பக்கத்தில் வைத்துக் கண்ணிகளை எண்ணியே வெட்டுங்கள். நீளத்தை வைத்து வெட்டினால் பழையது நீண்டிருப்பதால் கணக்குப் பிசகும். பிறீவீல் அப்படியல்ல. அது சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் மரையாக ஏறியிருப்பது. ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கிக்கொண்டே இருக்கும். அதற்குரிய கழற்றியை வைசில், அதாவது மேசையில் பொருத்திய இரும்புப் பிடியில், பிடித்து, சில்லை அதன் மேல் மாட்டி, பஸ் ஸ்டியரிங்கைத் திருப்புவது போல இடப்பக்கம் திருப்ப வேண்டும். என்னுடையதை நானும் கடை அண்ணனுமாகத்தான் அசைத்தோம். புதியதைப் போடும்போது மரைக்குக் கிறீஸ் பூச மறக்காதீர்கள், அடுத்த தடவை அதுதான் உதவும்.

இந்தச் சந்தர்ப்பத்திலேயே கசெற் வகைச் சில்லுக்கு (பல்லுச்சக்கரங்கள் மட்டும் தனியாகக் கழரும், சுழலும் பகுதி ஹப்போடு இருக்கும்) மாறலாமா என்றும் யோசித்தேன். பிறீவீல் ஹப்பில் அச்சைத் தாங்கும் வலப்பக்கக் குண்டுகள் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சு வளையும் வாய்ப்பு அதிகம். பின்னால் மீன்பெட்டி கட்டுகிறவருக்குக் கசெற் நல்லது. எனக்கு மதியச் சோற்றுப் பை மட்டும்தான். முழுச் சில்லுக்கான காசு வீண் என்று விட்டுவிட்டேன்.

சாதாரணச் செயினா, நிக்கல் பூசியதா என்றால், நம் ஊரில் யோசிக்காமல் நிக்கல் பூசியதையே வாங்குங்கள். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தரையிலிருந்து வீசுவதால் ஓரளவு பரவாயில்லை. வடகிழக்கு வாடைக் காற்று கடலிலிருந்து நேரே உப்பைக் கொண்டுவந்து பூசுகிறது. ஆனால் பூச்சு கறளைத் தடுக்குமே தவிர, ஆணிக்குள் நடக்கும் தேய்மானத்தைத் தடுக்காது. மழையில் நனைந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். மேலால் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடற்கரை மணல் ஒட்டி அரைக்கும்.

முன்பக்கப் பல்லுச்சக்கரத்தை மாற்றவில்லை. அதில் பற்கள் அதிகம், பாரம் பிரிந்து போகிறது. இன்னும் நேராகத்தான் நிற்கின்றன.

இந்த ஐப்பசியில் வாடைக்கு முன் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். அரை நூல்கூட நீளவில்லை. எண்ணெய் மட்டும் விட்டேன்.