வட்டம் வரைய ஒரு கருவி: கிம்ப்பா, பிளெண்டரா?

படங்களைத் திருத்தும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான கிம்ப்பில் ஒரு வட்டம் வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள்வட்டத் தேர்வுக் கருவியை எடுத்து, இழுத்து, அப்புறம் எடிட் மெனுவுக்குப் போய் ஸ்ட்ரோக் கொடுக்க (அதாவது, தேர்வின் ஓரத்தில் கோடு போட) வேண்டும், பல வருடங்களாக இதுதான் வழி. இதற்கென ஒரு நேரடிக் கருவி ஏன் இத்தனை காலம் வரவில்லை? டெவலப்பர்களின் சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். ஆனால் 1995-இல் பெர்க்லி மாணவர்கள் இருவர் தொடங்கிய அந்த புராஜெக்டை இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி நிரல் எழுதுகிற ஆள் தனக்குச் சுவாரசியமானதைத்தான் எடுப்பார், அவருக்கோ மெனு வழி ஏற்கெனவே மனப்பாடம். அதோடு, இருக்கும் ஒரு சிலரும் உள்கட்டமைப்பில் மாட்டிக்கொண்டார்கள். 2000-இல் ஆரம்பித்த கெகல் (GEGL) என்ற படச் செயலாக்க எஞ்சினின் முழுப் பலன், மூலப்படத்தைக் கெடுக்காத ஃபில்டர்களாக, 2025-இல் வந்த கிம்ப் 3.0-இல்தான் கைக்குக் கிடைத்தது.

முப்பரிமாண உருவங்களும் அனிமேஷனும் செய்யும் பிளெண்டரும் ஓப்பன் சோர்ஸ்தான். ஆனால் 2002-இல் மக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி மூலநிரலை மீட்டதிலிருந்தே அதன் பின்னால் ஒரு ஃபவுண்டேஷன் இருக்கிறது, இன்று சம்பளம் வாங்கும் டெவலப்பர்களும் இருக்கிறார்கள். முக்கியமாக, அவர்களே ஆம்ஸ்டர்டாமில் குறும்படங்களும் எடுக்கிறார்கள். ஒரு பட்டன் படுத்தினால், திட்டுகிற கலைஞர் பக்கத்திலேயே இருப்பார். என் கணக்கில் பணத்தைவிட இதுதான் பெரிய வித்தியாசம்.

அங்கேயும் எல்லாம் உடனே நடக்கவில்லை, சரி. இடது கிளிக்கில் தேர்ந்தெடுப்பது இயல்பான அமைப்பாக 2019-இல் வந்த பிளெண்டர் 2.80 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.