குவில்ட்டுக்குள் கம்பளியா, பருத்தியா?

ராயபுரத்துப் புழுக்கத்தில் கம்பளி பேட்டிங் (குவில்ட் என்ற தையல் போர்வையில் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நடுவில் வைக்கும் அடுக்கு) எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் மெஷின் தையல் எடுப்பாகத் தெரியணும் என்றால் கம்பளிக்கே என் ஓட்டு: ஊசி விழுந்த இடம் அமுங்கி, நடுவில் துணி புசுபுசுவென்று எழும்பி நிற்கும், மடித்து வைத்த தடமும் சீக்கிரம் மறைந்துவிடும், பெரிய குவில்ட்டைச் சுருட்டி மெஷினுக்குள் திணிக்கும்போது கனமே தெரியாது. பருத்தி தட்டையாகக் கிடக்கும், மடிப்புத் தடம் லேசில் போகாது. ஆனால் எம்.சி. ரோட்டில் எடுத்த காட்டன் துணி அதன்மேல் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், புதிதாகத் தைப்பவருக்கு அது பெரிய நிம்மதி. துவைத்தால் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம், அந்தச் சுருக்கத்துக்காகவே பருத்தி வாங்குபவர்களும் உண்டு. கம்பளி விலை அதிகம். அப்புறம், வெந்நீரில் அலசினால் கட்டிதட்டிப் போகலாம், பீரோவில் பூச்சி அரிக்காமலும் பார்த்துக்கொள்ளணும்.