உழவர் சந்தைப் பலகையா, டிஜிட்டல் விலைச்சீட்டா, ஆப்பா?

எங்கள் வீட்டுக்கு வாரத்துக்கு எட்டு கிலோ காய்கறி ஆகும். இரண்டு வருடமாகத் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். அங்கே ரேக்கில் இருந்த பேப்பர் விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டு, விலையைச் சின்னத் திரையில் காட்டும் டிஜிட்டல் டேக் மாட்டினார்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை மாலை, தக்காளி கிலோ 38 என்று டேக்கில் பார்த்து இரண்டு கிலோ எடுத்தேன். மற்ற சாமான்களையும் எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பில்லில் 44. பில் போட்ட பெண்ணைக் கூட்டிக்கொண்டு ரேக்குக்குப் போனேன். டேக்கிலும் 44. "டேக்குல இருக்கிறதுதானே சார் போட்டிருக்கேன்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. பன்னிரண்டு ரூபாய் பெரிய தொகையும் இல்லை. ஆனால் நான் 38ஐப் பார்த்தேன் என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் காய்கறியை வீட்டுக்கே கொண்டுவரும் ஆப், மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை, அதே சூப்பர் மார்க்கெட் என்று மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தேன். இப்போது ஆறு மாதமாகச் சந்தைதான்.

சௌகரியத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆப் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வருகிறது. சூப்பர் மார்க்கெட் இரவு பத்து வரை திறந்திருக்கிறது. சந்தைக்கு விடியற்காலையில் எழுந்து போக வேண்டும். பருப்பு, எண்ணெய், சோப்பு மாதிரி பாக்கெட் சாமானுக்கும் இந்தக் கவலை பெரிதாக வேண்டாம். எம்ஆர்பி அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். சிக்கல் முழுக்க எடைபோட்டு வாங்கும் பொருளில்தான். கத்தரிக்காய்க்கு யார் எம்ஆர்பி அச்சடிப்பது?

விலை மாறுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மார்க்கெட்டுக்கு லாரி குறைந்தால் விலை ஏறத்தான் செய்யும். பெட்ரோல் விலையே 2017 ஜூன் 16லிருந்து தினம் காலை ஆறு மணிக்கு மாற்றலாம் என்று ஆகிவிட்டது. எனக்கு முக்கியம் இரண்டு விஷயம். இந்த நிமிடம் கடையில் நிற்கிற எல்லோருக்கும் ஒரே விலையா? நான் பார்த்த விலையைப் பிறகு காட்ட முடியுமா?

ஆப் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. ஒரே நேரத்தில் என் போனிலும் மனைவி போனிலும் அதே முருங்கைக்காயைத் தேடினோம், இரண்டு விலை. கூப்பன் காரணமாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலைக்கு வாங்கினார் என்று தெரிந்துகொள்ள வழி இல்லாததுதான் எனக்கு உறுத்தல். 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். ஐபோனுக்கு ஒரு கட்டணம், ஆண்ட்ராய்டுக்கு ஒரு கட்டணம் என்ற புகார். இரண்டு கம்பெனியும் மறுத்தன. மறுப்பு உண்மையாகவே இருக்கட்டும், பயணி அதை எப்படிச் சரிபார்ப்பார்?

டிஜிட்டல் டேக் அவ்வளவு மோசமில்லை. ரேக்குக்கு முன்னால் நிற்கிற எல்லோருக்கும் அது ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. டேக்கும் பில்லும் ஒரே கணக்கிலிருந்து விலையை எடுப்பதால், பேப்பர் சீட்டை மாற்ற மறந்துவிட்டு பில்லில் வேறு போடுகிற குளறுபடி குறைகிறது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அமெரிக்காவில் வால்மார்ட் 2,300 கடைகளில் இதை மாட்டப்போவதாக 2024 ஜூனில் அறிவித்தபோதும் வேலை மிச்சம் என்றுதான் சொன்னார்கள். ஆட்கள் இரண்டு நாள் சீட்டு மாற்றிய வேலை சில நிமிடங்களில் முடியுமாம். கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்ற மாட்டோம் என்றும் சொன்னார்கள். ஆனாலும் அங்கே ஜனங்களுக்குச் சந்தேகம் தீரவில்லை. அதே வருடம் பிப்ரவரியில் வெண்டீஸ் என்ற பர்கர் கடைத் தலைவர் நேரத்துக்கு நேரம் மாறும் விலையைச் சோதிக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் நெரிசல் நேரத்தில் ஏற்றும் எண்ணம் இல்லை என்று கம்பெனி விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது.

என் கவலை தடம் பற்றியது. பேப்பர் சீட்டில் பழைய விலையின் மேல் புதுசை ஒட்டியிருப்பார்கள். நகத்தால் சுரண்டினால் அடியில் பழையது தெரியும். கடைக்காரர் மாற்ற மறந்தால் அந்தச் சீட்டே எனக்குச் சாட்சி. டேக் ஒரு தடவை கண் சிமிட்டினால் பழைய எண் இருந்த அடையாளமே இல்லை. அந்த 38 ரூபாய் விலை, ராத்திரி ஏற்ற வேண்டியது சாயங்காலமே ஏறியதா, கூட்டத்தைப் பார்த்து ஏற்றினார்களா என்பதை அந்தப் பெண்ணாலும் சொல்ல முடியவில்லை.

இப்போது சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று இதே அண்ணா நகரில்தான் திறந்தது. காலையில் அதிகாரிகள் மொத்த மார்க்கெட் விலையைக் கேட்டு அன்றைய விலையை முடிவு செய்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, வெளியே சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பது அடிப்படைக் கணக்கு. அது பலகையில் ஏறுகிறது. உள்ளே வருகிற ஆயிரம் பேரும் அதே பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். வெண்டைக்காய்க்கு நான்கு ரூபாய் கூடக் கேட்டால், "பலகையில முப்பதுதானே போட்டிருக்கு" என்று பின்னால் நிற்கிற பாட்டி எனக்காகப் பேசுகிறார். எனக்கு வேண்டிய சாட்சி அதுதான்.

இன்னொன்று, அந்த விலை அன்றைக்கு ஏறாது. முகூர்த்த நாளில் கூட்டம் நெரிந்தாலும் காலையில் எழுதியதுதான் உச்சம். இறங்க மட்டும் இறங்கும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற அக்கா ஒருவர் பத்தரை மணிக்கு மேல் கூடையைச் சாய்த்துக் காட்டி, "வீட்டுக்குத் திருப்பித் தூக்கிட்டுப் போகவா தம்பி, இருபதுக்கு எடுத்துக்க" என்பார். நேரத்துக்கேற்ற விலை சந்தையிலும் இருக்கிறது. அது எல்லோர் காதிலும் விழும்படி இறங்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. எட்டரைக்கு மேல் போனால் நல்ல கீரை கிடைக்காது. பில் கிடையாது, அழுகலைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. வியாபாரிகள் விவசாயி போல உள்ளே வருகிறார்கள் என்ற புகாரும் உண்டு. அடைமழைக் காலத்தை நான் இன்னும் அங்கே பார்க்கவில்லை. இரண்டு பையோடு சேற்றில் நிற்கும்போது இதே தெம்பு இருக்குமா, பார்க்க வேண்டும்.

அந்த சூப்பர் மார்க்கெட் மேனேஜரிடம் ஒன்று கேட்டுவிட்டு வந்தேன். டேக்கின் மூலையில் விலை கடைசியாக மாறிய தேதியும் நேரமும் சின்னதாகப் போடுங்கள், கடை திறந்திருக்கும்போது விலையை ஏற்றாதீர்கள். "மேலே சொல்றேன் சார்" என்றார். மூன்று மாதமாகிறது. பருப்பு வாங்கப் போகும்போதெல்லாம் தக்காளி டேக்கின் மூலையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.